டாக்டரம்மாவின் பின்னால் வந்த தீவு

மோராக் என்ற மருத்துவ மாணவி பயிற்சி முடிந்து எங்கள் தீவை விட்டுக் கிளம்பியபோது தீவும் அவள் பின்னாலேயே கிளம்பியது. இது நடந்தது 1981இல், கொப்பரை விலை படுத்துவிட்ட வருடம், ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். பிற்பாடு கடல் வரைபடம் போடுகிறவர்கள் வந்து கருவிகளை நட்டு அளந்து பார்த்துவிட்டு, நூசினா தீவு என்றைக்குமே இங்கேதான் இருந்திருக்க வேண்டும், பழைய வரைபடத்தைப் போட்டவன் குடிகாரனாக இருந்திருப்பான் என்று முடிவு கட்டினார்கள். படித்தவர்கள் சொன்னால் சரி. வந்தவர்களுக்குக் கோழி அடித்துப் போட்டோம், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். என்ன நடந்தது என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை, அதனால் இப்போது நானே சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனைக்கு வருடா வருடம் வெளிநாட்டிலிருந்து கடைசி வருட மாணவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். மருத்துவமனை என்றால் தகரக் கூரை போட்ட ஒரே ஒரு நீளக் கட்டடம். கட்டிலில் நோயாளி, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து நோயாளியின் குடும்பம், வாசலில் அந்தக் குடும்பத்துக்குச் சமைக்கிற குடும்பம். வருகிற மாணவர்கள் முதல் வாரம் இதையெல்லாம் படம் எடுப்பார்கள், இரண்டாம் வாரம் அழுவார்கள், எட்டாம் வாரம் கழுத்து நிறையப் பூமாலையோடு இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டுப் போவார்கள். போனவர்களின் பெயர்கூட எங்களுக்கு நினைவில் நிற்பதில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த மோராக்கும் அப்படிப் போயிருக்க வேண்டியவள்தான். செம்பட்டைத் தலைமுடி, வெயில் பட்டால் வேகவைத்த நண்டு மாதிரி ஆகிவிடும் தோல், சேவலைக் கண்டால் பயம். ஆனால் கை நல்ல கை. அவள் ஊசி போட்டால் குழந்தைகள் அழ மறந்துவிடும். நான் இன்னும் பரீட்சை எழுதவில்லை, டாக்டர் என்று கூப்பிடாதீர்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். ஊர் முதல் நாளே டாக்டரம்மா என்று கூப்பிட்டுவிட்டது, அதை மாற்ற முடியாது.

அவள் தங்கியது வார்டு சிஸ்டர் சியேனியின் வீட்டில். எங்கள் வீடுகளுக்குத் தூண் உண்டு, கூரை உண்டு, சுவர் கிடையாது. மோராக் இரண்டு தூண்களுக்கு நடுவே போர்வையைக் கட்டி அதற்குப் பின்னால் உடை மாற்றுவாள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் போர்வையின் மறுபக்கம் உட்கார்ந்து போர்வையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தன் பாய்க்கு மேலே தூணில் ஒரு படம் குத்தி வைத்திருந்தாள். அவளுடைய மகள் எய்லி, மூன்று வயது. குழந்தையின் அப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான். எட்டு வாரம்தானே என்று குழந்தையைத் தன் தாயிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். சனிக்கிழமைதோறும் தபாலாபீஸ் தொலைபேசியில் எய்லியோடு கத்திக் கத்திப் பேசுவாள். வரிசையில் நிற்கிற எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்போம், ஒளிவு மறைவு எதற்கு. எய்லி பட்டாணி தின்ன மாட்டேன் என்கிறாள், எய்லி பக்கத்து வீட்டு நாயைக் கடித்துவிட்டாள், எய்லி அம்மா எப்போ வருவாள் என்று கேட்கிறாள். நாங்கள் பார்க்காத அந்தக் குழந்தை எங்கள் ஊர்க் குழந்தைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

ஆறாவது வாரம் மோராக் வார்டில் வேலை செய்துகொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். குடல்வால் பழுத்திருந்தது. டாக்டர் விலியாமு அன்றைக்கே அறுத்து எடுத்தார். இங்கேதான் எங்கள் ஆஸ்பத்திரியின் வழக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மனிதனின் உடம்பிலிருந்து எது வெளியே வந்தாலும் அது வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பிரசவத்தில் விழும் நஞ்சுக்கொடியானால் காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுத் தகப்பன் கையில் கொடுப்போம். சர்க்கரை வியாதியில் வெட்டிய காலானால் பாயில் சுற்றிப் பிள்ளைகள் தோளில் வைப்போம். வீட்டுப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கன்றை நட்டு, ஜெபம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். மோராக்கின் ஊரில் இதையெல்லாம் உலையில் போட்டு எரித்துவிடுவார்களாம். அவள் அதைச் சொன்ன அன்றைக்கு வார்டில் இரண்டு பேர் சாப்பிடவில்லை.

அறுவை முடிந்ததும் டாக்டர் விலியாமு எப்போதும் சொல்வதைப் போலவே, வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். சியேனி டப்பாவோடு வராந்தாவில் நின்றாள். மோராக்கின் வீட்டுக்காரர்கள் என்று யார் இருக்கிறார்கள்? ஸ்காட்லாந்துக்கு அனுப்பலாமா என்று தபாலாபீஸில் விசாரித்தாள், அவர்கள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் என் வீட்டில் சாப்பிட்டு என் வீட்டில் தூங்குகிற பெண்ணுக்கு நான்தானே வீட்டுக்காரி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தன் சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். மேலே ஒரு சீமைப்பலாக் கன்றை நட்டாள். தான் பெற்ற பிள்ளைகளுக்குச் சொன்ன அதே ஜெபத்தைச் சொன்னாள். இருக்கப் போகிறவர்களுக்குச் செய்கிற காரியத்தைப் போகப் போகிறவளுக்குச் செய்துவிட்டோமே என்பது அவளுக்குத் தோன்றவில்லை, கேள்விப்பட்ட எங்களுக்கும் தோன்றவில்லை. வேறு எந்த ஊரிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. நல்ல மனசு இருந்ததால் வந்த வினை.

தையல் ஆறி, எட்டு வாரம் முடிந்து, மோராக் பூமாலைகளோடு பௌலோவின் படகில் ஏறினாள். எதிரே இருக்கிற பெரிய தீவான சவாயிக்குப் போய், அங்கிருந்து கப்பலில் தலைநகரான அபியா, அப்புறம் விமானம். நாங்கள் கரையில் நின்று பாட்டுப் பாடிக் கையசைத்தோம். படகு கண்ணிலிருந்து மறையும்வரை கையசைப்பதுதான் மரியாதை. கை வலித்தது, படகு சின்னதாகவில்லை. சிலர் வீட்டுக்குப் போய்க் கொக்கோ குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள், படகு அதே இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் தெரிந்த சவாயி மலை மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. பௌலோ, கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டோமா என்று குனிந்து பார்த்துவிட்டு எஞ்சினை முழு வேகத்தில் விட்டான். உடனே ஊரில் கோழிகள் குப்புற விழுந்தன, மரத்திலிருந்து காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன, வார்டில் தொங்கிய சலைன் பாட்டில்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. கிழக்குப் பக்கத்துப் பவளப்பாறை பீங்கான் உடைகிற சத்தத்தோடு பிளந்தது. பௌலோ திரும்பிப் பார்த்தான். வெள்ளைத் தேவாலயம் அவன் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தான்.

"டாக்டரம்மா, எறங்கிடுங்க," என்றான். "நீங்க போனா ஊரும் கூடவே வருது."

காரணம் அவள்தானா என்று சோதித்துப் பார்க்காமல் நாங்கள் முடிவு செய்துவிடவில்லை. பௌலோ தனியாகப் போனான், தீவு அசையவில்லை. அவளுடைய பெட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனான், அசையவில்லை. அவளை ஏற்றியதும் இழுத்தது. சியேனி அப்போதுதான் முகம் வெளுத்துப்போய் டப்பா விஷயத்தை நினைவுபடுத்தினாள். ஓடிப் போய்த் தோண்டினோம். டப்பாவின் மூடி கிடைத்தது, டப்பா கிடைக்கவில்லை, எல்லாம் வேரோடு வேராகிவிட்டிருந்தது. கன்றை வெட்டிவிடலாம் என்று ஒருவன் அரிவாளை வைத்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மோராக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அரிவாளை எடுத்துவிட்டோம், மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம்.

அன்று மாலை ஊர்ச்சபை கூடியது. தலைவர் துனுமாலோ கோபக்காரர், ஆனால் சொன்னதில் நியாயம் இருந்தது. பாறை பிளந்த பக்கத்தில் அலை நேராக உள்ளே வந்து அவருடைய முன்னோர்களின் கல்லறைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை இழுத்தால் மிச்சப் பாறையும் போகும், மீன் போகும், நல்ல தண்ணீர் ஊற்றும் போகும். ஆகவே மோராக்கை யாரும் படகில் ஏற்றக் கூடாது, ஏற்றினால் பெரிய பன்றிகளும் மீன் டின் பெட்டிகளும் அபராதம் என்று தீர்ப்பானது. எங்கள் தீவில் விமானம் இறங்க இடம் கிடையாது. இது எவ்வளவு நாளைக்கு என்று மோராக் கேட்டாள். அவளுக்கும் ஒரு கோப்பை கொக்கோ கொடுக்கச் சொன்னார்கள்.

அவள் எங்களை வெறுத்தாள். வெறுக்காமல் என்ன செய்வாள்? தினமும் காலையில் கரையோடு நடந்து தீவைச் சுற்றி வருவாள். சின்னத் தீவு, கிளம்பின சூட்டோடு கிளம்பின இடத்துக்கே வந்துவிடுவாள், மறுபடி நடப்பாள். ஒரு நாள் கடலில் இறங்கி நீந்தினாள். தீவு மெல்ல அவள் பின்னால் போனது. பிள்ளைகள் கரையில் ஓடிவந்து, "டாக்டரம்மா, மெதுவா நீந்துங்க, எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருது" என்று கத்தின. அவள் மூச்சு முட்டும்வரை நீந்திப் பார்த்துவிட்டுத் திரும்பினாள், கரை அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தது. தொலைபேசியில் உண்மையைச் சொன்னாள். அவளுடைய தாய் நடுவில் மறித்து, அவன் பெயர் என்ன, அதை மட்டும் சொல் என்றாள். கல்லூரியில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். எல்லாரையும்விட அவள் சியேனியைத்தான் அதிகம் வெறுத்தாள், வெறுத்துக்கொண்டே அவள் வீட்டில் தூங்கினாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

"என்னை ஏன் சிஸ்டர் இங்க கட்டிப்போட்டீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

சியேனி சிதறின சேப்பங்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். "ஒண்ணும் பண்ணலம்மா. வாங்கிக்க யாருமில்லாம அந்த டப்பா என் கையில இருந்துச்சு. குப்பையில போட எனக்கு மனசு வரல."

மூன்றாவது வருடம் மோராக்கின் தாய் சாகக் கிடக்கிறாள் என்று சேதி வந்தது. மோராக் பௌலோவின் காலில் விழுந்தாள். பௌலோ இளகின மனசுக்காரன். ஊர் முழுவதும் தேவாலயத்தில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓய்வுநாளில் படகை எடுக்கிற பாவத்தையும் சேர்த்துச் செய்து, அவளை ஏற்றிக்கொண்டு போனான். போதகர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் சூரியன் இடம் மாறியது. கோயில் நகர்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஆனாலும் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போக யாருக்கும் தைரியம் வரவில்லை. அவர் முடிப்பதற்குள் தீவு ஒரு மணல்திட்டில் ஏறிச் சிக்கிக்கொண்டது. நிறுத்தாதே, நிறுத்தாதே என்று மோராக் கத்த, எஞ்சின் புகைந்து கருகி அடங்கியது. பௌலோவின் அபராதப் பன்றிகளை ஊரே தின்றது, பௌலோவும் தின்றான். ஆனால் ஊற்று உப்பாகிவிட்டது. மழை வந்து ஊற்று மறுபடி நல்ல தண்ணீராகும்வரை பழைய தொட்டித் தண்ணீரைக் குடித்தோம், கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஒவ்வொன்றையும் மோராக் போராடிக் காப்பாற்றினாள். லாங்கி என்ற பெண்ணின் முதல் ஆண்பிள்ளையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அது மோராக்கின் கையிலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் படகு கேட்கவில்லை, காலை நடையையும் விட்டுவிட்டாள். அவளுடைய தாய் போய்ச் சேர்ந்தாள். எய்லியின் அப்பன் எங்கிருந்தோ முளைத்து, தாய் பிள்ளையைக் கைவிட்டு ஓடிப்போனவள் என்று கோர்ட்டில் சொல்லிக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனான். வளர்ந்து ஆளாகும்வரை கடல் தாண்டி அனுப்ப மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டதாகத் தொலைபேசியில் தெரிந்தது. மோராக் ரிசீவரை வைத்துவிட்டு வார்டுக்குத் திரும்பிப் போனாள். வரிசையில் நின்ற நாங்கள் அன்றைக்குத் தொலைபேசியைத் தொடாமலே வீட்டுக்குப் போனோம். பாவம் என்று சொல்வதற்குக்கூட எங்களுக்கு வாய் இல்லை, ஏனென்றால் பிடித்து வைத்திருப்பது நாங்கள்.

வருடங்கள் போயின. டாக்டர் விலியாமு தன் மகனோடு இருக்க நியூசிலாந்து போய்விட்டார். பரீட்சை எழுதாத மோராக்கே ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டாள், மேலிடத்தில் தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை, வேறு யார் இங்கே வருவார்கள்? பிரசவம் பார்த்தாள், கால் வெட்டினாள், ஐஸ்கிரீம் டப்பாவைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பத்திடமும், இந்த ஊரிலேயே இருக்கப் போகிறீர்களா, நிச்சயமா என்று திருப்பித் திருப்பிக் கேட்பாள். சியேனி வீட்டுச் சீமைப்பலா கிளை பரப்பி நின்றது. டிசம்பர் மாதம் வந்தால் இலையெல்லாம் கொட்டிவிடும், காய்களின் மேல் வெள்ளையாகப் பனி படியும், பிள்ளைகள் அதை நக்கித் தின்னும். அதன் நிழலில் மீன் வைத்தால் மூன்று நாள் கெடாது, பெரிய வசதி. மோராக் அந்த மரத்தின் பக்கம் மட்டும் போக மாட்டாள். எய்லி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு சனிக்கிழமை, "தீவெல்லாம் நகராதும்மா, எங்க டீச்சர் சொன்னாங்க" என்றது. அடுத்தடுத்த வருடங்களில், எனக்கு வேலை இருக்கிறது, சீக்கிரம் பேசு என்றது. அப்புறம் தொலைபேசிக்கு வருவதையே நிறுத்திவிட்டது. மோராக் சனிக்கிழமைதோறும் போய் மணி அடிக்கவிட்டுக் காத்திருந்துவிட்டு வருவாள்.

1996இல் ஒரு வியாழக்கிழமை, தபாலாபீஸ்காரன் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து மோராக்கைக் கூப்பிட்டான். பேசினது எய்லி. பதினெட்டு வயது முடிந்த மறுவாரமே டிக்கெட் எடுத்து வந்திருக்கிறாள், சவாயிப் படகுத்துறையிலிருந்து பேசுகிறாள். அங்கிருந்து எங்கள் தீவுக்கு ஒரு காலைப் பொழுதுப் பயணம். பௌலோவை இப்போதே அனுப்புகிறேன் என்றாள் மோராக். எய்லி வேண்டாம் என்றாள்.

"நான் வரமாட்டேன். பூமியோட அந்தக் கோடியிலேர்ந்து இவ்வளவு தூரம் நான் வந்தாச்சு. மிச்சத்தை நீ வா."

"எய்லி, என்னால..."

"தெரியும், தீவு பின்னாடி வரும். சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டேன். வரட்டும், நானும் பார்க்கிறேன். சனிக்கிழமை கப்பல் வரைக்கும் இங்க உக்காந்திருப்பேன். அதுக்குள்ள நீ வரலேன்னா, எனக்கு அம்மா இல்லைன்னு நினைச்சுக்கறேன்."

ரிசீவரை வைத்துவிட்டு மோராக் நேராக வார்டுக்குப் போய், பாதியில் விட்டுவந்த காலுக்குக் கட்டுப் போட்டு முடித்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, தபாலாபீஸ் வரிசையில் ஆள் இருந்ததே. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மாலை ஜெபத்துக்கு மரத்தில் தொங்குகிற காலி கேஸ் சிலிண்டரைத் தட்டியபோது ஒரு வீட்டிலும் பாட்டு ஒழுங்காக வரவில்லை.

மறுநாள் காலையில் சபை கூடியது. துனுமாலோ, மனசு எனக்கும் இருக்கிறது, ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான் என்றார். இந்தத் தடவை கொஞ்ச தூரமல்ல, கடைசிவரை இழுக்க வேண்டியிருக்கும். பாறை முழுவதும் போகும், ஊற்று போகும், அப்புறம் பிள்ளைகள் என்ன குடிக்கும் என்று கேட்டார். பெண்கள் சபையில் பேசுகிற வழக்கம் கிடையாது, கொக்கோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குக் கொக்கோ கொண்டுவந்தது லாங்கி. தட்டை வைத்தாள், போகவில்லை.

"தலைவரே, என் புள்ளை போனப்ப விடியவிடிய அதைக் கையில வச்சிருந்தது அந்தம்மாதான். நான் அசந்து தூங்கிட்டேன், அது தூங்கல. என் புள்ளையை எவ்வளவு கூப்பிட்டாலும் வராது. அது புள்ளை அந்தக் கரையில உக்காந்திருக்கு. போகட்டும் விடுங்க. தண்ணி கெட்டுப்போனா மழைத்தண்ணியைப் பிடிச்சு வச்சு, காய்ச்சிக் குடிச்சுக்கறோம். நான் சொல்றேன், நான்."

துனுமாலோ தன் முன்னோர் கல்லறை என்று ஆரம்பித்தார்.

"உங்க கொள்ளுத்தாத்தா நனைஞ்சா நனையட்டும்," என்றாள் லாங்கி. "அவர் ஏற்கெனவே செத்துட்டார்."

சபையில் யாரோ சிரித்துவிட்டார்கள். துனுமாலோ சிரிக்கவில்லை. கொக்கோவைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பன்றிகளையெல்லாம் கட்டுங்கள் என்றார். அன்று பகல் முழுவதும் ஊர் வேலை செய்தது. பெண்கள் கமிட்டி தொட்டி, பீப்பாய், சட்டி, பானை எல்லாவற்றிலும் நல்ல தண்ணீரை நிரப்பி மூடியது. ஆஸ்பத்திரிக் கட்டில்களைக் கயிற்றால் தூணோடு கட்டினார்கள். கல்லறைகளைச் சுற்றிக் கல் அடுக்கினார்கள், துனுமாலோவின் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு வரிசை கூடுதலாக. மோராக் வார்டு வாசலில் நின்று, வேண்டாம், இன்னொரு பிள்ளை போனால் நான் தாங்க மாட்டேன் என்று அழுதாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் லாங்கியே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் படகில் ஏற்றினாள். போதகர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சின்ன ஜெபம் சொன்னார்.

பௌலோவுக்கு அப்போது தலை நரைத்துவிட்டது. எஞ்சினை அதட்டாமல், பால் குடிக்கிற பிள்ளையைத் தொட்டிலோடு தூக்குகிற பதத்தில் மெல்ல மெல்ல ஓட்டினான். தீவு குலுங்கி எழுந்து பின்னால் வந்தது. மேற்குப் பாறையும் உடைந்தது, எல்லோரும் கேட்டோம். வார்டில் ஆளுக்கொரு சலைன் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கைப்பந்து மைதானத்தின் நடுவில் உட்கார வைத்திருந்தோம், அதுகளுக்கு ஒரே கொண்டாட்டம். மற்ற எல்லோரும் முன்கரையில் வரிசையாக நின்று, பெரிதாகிக்கொண்டே வருகிற சவாயியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சவாயிப் படகுத்துறையில் இருந்தவர்கள் ஒரு தீவு வருவதைப் பார்த்ததும் கூடை, மூட்டை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். அபியா போகிற கப்பல் பயந்து சங்கு ஊதிவிட்டுக் காலியாகவே கிளம்பிவிட்டது. ஒரு பெண் மட்டும் தன் பையின் மேல் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே செம்பட்டைத் தலைமுடி. முதலில் படகைப் பார்த்தாள். படகில் வெயிலில் காய்ந்து சுருங்கிப்போன ஒரு பெண்மணி, காலில் செருப்பில்லாமல். அப்புறம் தலையை நிமிர்த்தினாள். படகுக்குப் பின்னால் தேவாலயமும், தகரக் கூரை ஆஸ்பத்திரியும், கொடியில் காய்கிற வேட்டிகளும், கட்டிப்போட்ட பன்றிகளும், கரை நெடுக நாங்களும். தீவு படகுத்துறையில் மெதுவாக இடித்து நின்றது. மோராக் ஏணியில் ஏறி மகளுக்கு எதிரே போய் நின்றாள், தொடுவதற்குப் பயந்துகொண்டு.

"நிஜமாவே வருதே," என்றாள் எய்லி. அப்புறம் அவளுக்கு உதடு கோணிக்கொண்டது. "நான் எல்லார்கிட்டயும் எங்கம்மா பொய்க்காரின்னு சொன்னேன். எல்லார்கிட்டயும்."

மோராக் மகளைக் கட்டிக்கொண்டாள். அப்படி ஒரு அழுகையை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. சாவு வீட்டில்கூட இடையிடையே மூச்சு விடுவார்கள்.

அந்த நேரத்தில் சியேனி கரையிலிருந்து பலகை போட்டு இறங்கிப் போனாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே எடுக்கிற, மெல்லியதாக முடைந்த தன் குடும்பப் பாயைக் கொண்டு போயிருந்தாள். எய்லியின் முன்னால் படகுத்துறைக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்தாள். பெரிய குற்றத்துக்கு எங்களிடம் இதுதான் முறை. வழக்கப்படி குடும்பத் தலைவர்தான் உட்கார வேண்டும், சியேனி யாரையும் கேட்கவில்லை. எய்லி மிரண்டுபோய்த் தாயைப் பார்த்தாள்.

"நீ பாயை எடுத்துவிட்டா மன்னிச்சதா அர்த்தம்," என்றாள் மோராக். "எடுக்கலேன்னா அப்படியே உக்காந்திருப்பாங்க. உன் இஷ்டம்."

"உன்கிட்ட இப்படி உக்காந்தாங்களா?"

"இல்ல. நான் அவங்க வீட்டுல இருக்கிறவ. வீட்டுக்குள்ள இது கிடையாது."

எய்லி வெகுநேரம் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டே போனது, பாய்க்குள் சியேனி அசையவில்லை. அந்தப் பெண் கோபக்காரி, கோபத்துக்குக் காரணமும் இருந்தது, எடுக்காமலே போய்விடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் பாயை எடுக்கவில்லை. முட்டி போட்டு, பாயின் ஓரத்தைத் தூக்கி, உள்ளே நுழைந்து சியேனியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியவர்களுக்கே தெரியவில்லை. உள்ளே பேச்சு கேட்டது, அப்புறம் மூக்கு சிந்துகிற சத்தம். மோராக் சற்று நேரம் வெளியே நின்று பார்த்துவிட்டு, அவளும் குனிந்து உள்ளே போனாள். மூன்று பேருக்கு அந்தப் பாய் போதாது, கால்கள் எல்லாம் வெளியே தெரிந்தன.

துனுமாலோ கரையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பாறை போயே போய்விட்டது, இடுக்குகளில் புது மீன் வந்திருந்தது. ஊற்றில் கைவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். படகுத்துறையில் பாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"சரி, இனிமே இங்கதான் இருக்கப் போறோம்," என்றார். "படகையெல்லாம் அந்தப் பக்கம் கட்டுங்க. ரெண்டு பேர் போய் இந்த ஊர்த் தலைவருக்கு ஒரு பன்னியைக் குடுத்துட்டு, சொல்லாம வந்துட்டோம்னு சொல்லிட்டு வாங்க."